பாலைவனத்துக்கு வழி சொன்ன மாப்பிள்ளை

என் கலியாணத்துக்கு அழைக்கப்பட்ட எல்லாரும் வந்தார்கள். லண்டனிலிருந்து வந்தார்கள், கொழும்பிலிருந்து வந்தார்கள், அந்தச் சண்டைக் காலத்திலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். கலியாணம் வைத்த இடமோ ஒரு பாலைவனம். அங்கே எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன உடுப்பது, எதைத் தொடக்கூடாது என்றெல்லாம் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். என் சொல்லைக் கேட்டுப் புறப்பட்டவர்களில் ஒருவர்கூட வழி தவறவில்லை. வந்து சேராதவன் நான் ஒருவன்தான்.

(மாப்பிள்ளையும் நான்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.)

ஏன் பாலைவனம் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஈஸ்ட் ஹாமில் தவம் அண்ணை என்ற ஊர்க்காரரோடு ஒரு மாடி அறையில் இருந்தேன். இல்ஃபோர்டில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. அகதியாக வந்தவன், இலங்கைக்குத் திரும்பிப் போகமுடியாது. எனக்குப் பேசிய பெண் சுகந்தி கொழும்பில் இருந்தாள். அவளுக்கு லண்டன் விசா கிடைக்கவில்லை. இந்தியாவில் வைக்கலாமென்றால் அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு இந்திய விசா குதிரைக் கொம்பு. சிங்கப்பூர் எங்கள் சக்திக்கு மீறியது.

கடைசியில் சுகந்தியின் தமையன் குகன் அண்ணைதான் ஒரு யோசனை சொன்னார். அவர் வளைகுடா நாடொன்றில் (பெயர் வேண்டாம், அந்த நாட்டின்மேல் எனக்குக் கோபமில்லை) வீதி போடும் கம்பனியில் மேற்பார்வையாளர். விமான நிலையத்திலிருந்து மூன்று மணித்தியாலம் உள்ளே போனால் மணலுக்கு நடுவே அவர்களுடைய முகாம். அதில் வேலையாட்கள் ஒன்றுகூடிப் படம் பார்க்கும் பெரிய தகர மண்டபம் ஒன்று இருந்தது.

"இஞ்சயே வைப்பம். எல்லாருக்கும் நான் விசா எடுத்துத் தாறன். உங்கட அம்மாவும் வரலாம்" என்றார் ரெலிபோனில்.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. அம்மாவைக் கண்டு எட்டு வருடமாகியிருந்தது. பத்தொன்பது வயதில் ஒரு தோள்பையோடு கிளம்பியவன் நான். அப்பா பாரிசவாதத்தில் படுத்திருந்ததால் அம்மா ஊரைவிட்டு அசையவில்லை. இப்போது பக்கத்து வீட்டார் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் கலியாணம் எனக்கு இரண்டாம் பட்சம்தான். (சுகந்தி என் கட்டுரைகளை வாசிப்பதில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.)

பாலைவனம் என்றதும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் அதுவரை கண்ட பெரிய மணல்வெளி காரைநகர்க் கடற்கரைதான். ஆனால் ஈஸ்ட் ஹாம் நூலகத்தில், ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்தைக் கடந்த வெள்ளைக்காரர்கள் எழுதிய தடித்த புத்தகங்கள் இருந்தன. ஷிப்ட் முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து அவற்றைக் கரைத்துக் குடித்தேன். ஒரு மாதத்தில் நான் ஒரு பாலைவன நிபுணன். பெற்றோல் போட வருகிறவர்களிடம்கூட மணற்புயல் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

பிறகு என் கைப்பட ஒரு தாள் எழுதிப் பிரதி எடுத்து, லண்டனிலிருந்து வரவிருந்த பதினொரு பேருக்கும் கொடுத்தேன். தலைப்பு, 'விருந்தினருக்கான பயண, தங்குமிட அறிவுறுத்தல்கள்'. காலையில் சப்பாத்தைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்த பின்பே அணிக, தேள் இருக்கலாம். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் அருந்துக. ஒட்டகத்தின் முன்னாலும் நிற்க வேண்டாம், பின்னாலும் நிற்க வேண்டாம். பெண்களுக்குக் கிழக்குப் பக்க அறைகள். முழங்கால் வருத்தமுள்ளோர் கீழ்க்கட்டிலைக் கேட்டு வாங்குக. கசகசா அபின் செடியின் விதை, கொண்டுபோவது அந்நாட்டில் குற்றம். குடை தேவையில்லை.

நோர்பரியில் இருந்த என் சின்னம்மா அந்தத் தாளை வாசித்துவிட்டு உடனே ரெலிபோன் எடுத்தார். அம்மாவின் தங்கை அவர். எழுபதுகளிலேயே லண்டன் வந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டவர்.

"தம்பி, கசகசா கொண்டு போனா என்ன செய்வாங்கள்?"

"பிடிச்சு உள்ள போடுவாங்கள், சின்னம்மா."

"நான் என்னத்துக்குக் கசகசா கொண்டு போறன்?"

"அதுதான், கொண்டு போகாதேங்கோ எண்டு சொல்லுறன்."

"கொண்டுபோற யோசினையே இல்லாத ஆளுக்கு நீ ஏன் அதைச் சொல்லுறாய்? இப்ப எனக்கு அந்தச் சாமான்தான் கண்ணுக்கை நிக்குது."

பின்னாலிருந்து சித்தப்பா ரெலிபோனைப் பறித்தார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, அங்க அது கிடைக்குமோ?" என்றார்.

"ஒரு சொட்டும் கிடைக்காது, சித்தப்பா."

"மூண்டு மணித்தியாலம் உள்ளுக்கோ?"

"ஓம்."

"நான் வராட்டி நீ கோவிப்பியோ?"

இப்படியாக இரண்டு மாதம். நோர்பரி, இல்ஃபோர்ட், ஈஸ்ட் ஹாம் என்று எல்லாத் திசையிலிருந்தும் என்னைக் கேட்டார்கள். பெற்றோல் ஷெட்டில் நிற்கிற பொடியனை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் அந்த மதிப்பு எனக்குத் தேனாக இனித்தது.

அம்மாவுக்கும் வழி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர அப்போது ஒழுங்கான பாதை இல்லை. அம்மா இருட்டில் சிறு வள்ளத்தில் கிளாலிக் கடலைக் கடந்து, லொறியில் ஏறி, வவுனியாவில் இராணுவம் கொடுக்கும் பாஸுக்காகக் காத்துக் கிடந்து கொழும்பு வந்தவர். சுகந்தி வீட்டில் அவர் ரெலிபோனைக் கையில் எடுத்ததும் நான் என் தாளை எடுத்து வாசித்தேன்.

"அம்மா, தண்ணி கனக்கக் குடிக்கவேணும். தனிய நடக்கக் கூடாது. பாலைவனத்தில வழி தவறினா ஆபத்து."

"சரி தம்பி. கவனமா இருக்கிறன்" என்றார் அம்மா.

கடலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டதை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

புறப்படும் நாள் வந்தது. அம்மாவும் சுகந்தியும் இரண்டு நாள் முன்பே முகாமுக்குப் போய்விட்டார்கள். ஹீத்ரோவில் நான் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, குகன் அண்ணை ஃபாக்ஸில் அனுப்பிய விசாத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சித்தப்பாவின் பையைத் திறந்து மணந்தும் பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக நான் போனேன். தலைவன் என்றால் அப்படித்தானே?

என்னிடம் இருந்தது பாஸ்போர்ட் அல்ல. அகதிகளுக்கு பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம். இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அச்சடித்திருந்தது. எல்லா நாடுகளுக்கும் என்றால் எல்லா நாடுகளுக்கும் என்று நான் நம்பிவிட்டேன். என் பெயரில் விசாத் தாளும் வந்திருந்ததால் சந்தேகமே எழவில்லை. பதினொரு பேருடைய சப்பாத்துக்குள்ளும் தேள் தேடியவன், என் சட்டைப்பையில் இருந்த புத்தகத்தைப் பற்றி ஒரு மனிதரிடம்கூட விசாரிக்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் எங்கோ ரெலிபோன் எடுத்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மன்னிக்கவேண்டும். இந்தப் புத்தகத்தை அந்த நாடு ஏற்பதில்லை. உங்களை ஏற்றினால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

"விசா இருக்கிறதே?"

"விசா இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளப் பாஸ்போர்ட்தான் இல்லை."

சித்தப்பா பாய்ந்து வந்தார். "இவர் கட்டாயம் போகவேணும். இவர்தான் மாப்பிள்ளை!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "ஓ! வாழ்த்துகள்!" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மன்றாடிப் பார்த்தோம். விமானத்தின் கதவை மூடும் நேரம் நெருங்கியது. சின்னம்மா, "நாங்களும் போகேல்ல. எல்லாரும் திரும்புவம்" என்றார். எனக்கு அம்மாவின் நினைப்பு வந்தது. அவ்வளவு தூரம் கடந்து வந்தவர், ஒருவரையும் காணாமல் திரும்பிப் போவதா?

"நீங்கள் போங்கோ சின்னம்மா. அம்மா தனிய நிக்கிறா" என்றேன்.

கூறைச்சேலையையும் தாலியையும் சின்னம்மாவின் கைப்பைக்குள் வைத்தேன். சின்னம்மா அழுதுகொண்டு நடந்தார். எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. நல்ல வார்த்தை எத்தனையோ இருக்க, என் வாயில் வந்தது இதுதான்: "சின்னம்மா, சப்பாத்தைத் தட்டிப் போட்டுப் போடுங்கோ!"

ஹீத்ரோவிலிருந்தே முகாமுக்கு ரெலிபோன் எடுத்தேன். யாரோ ஒரு மலையாளி எடுத்தார். குகன் அண்ணை, அம்மா, சுகந்தி எல்லாரும் நகரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு அப்படியே மாப்பிள்ளையை வரவேற்க விமான நிலையத்துக்குப் போவதென்று அப்போதே புறப்பட்டுவிட்டார்களாம். கைத்தொலைபேசி இல்லாத காலம். நானும் சூட்கேஸும் பாதாள ரயிலில் ஏறி ஈஸ்ட் ஹாம் வந்து சேர்ந்தோம். படியேறும்போது வீட்டுக்காரி, "கலியாணம் நன்றாக நடந்ததா?" என்று கேட்டார். காலையில்தான் அவரிடம் விடைபெற்றிருந்தேன்.

இரவு சாப்பாட்டு நேரத்துக்கு ரெலிபோன் அடித்தது. அம்மா.

"தம்பி, நீ அனுப்பின சனம் எல்லாம் வந்து சேர்ந்திட்டுது" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒருத்தரும் வழி மாறேல்ல. எல்லாருக்கும் வடிவா வழி சொல்லியிருக்கிறாய் எண்டு தங்கச்சி சொன்னவள்."

"அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"சொல்லு ராசா."



அடுத்த நாள் கலியாணத்தை என்ன செய்வதென்று முகாமில் பெரிய வாக்குவாதம். ரெலிபோனிலேயே முடித்துவிடலாம் என்றது சின்னம்மாவின் கட்சி. நகரத்திலிருந்து வந்திருந்த ஐயர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "மந்திரத்த ஃபோன்ல சொல்லிடலாம்மா. தாலிய எந்தக் கையால கட்டறது?" என்று கேட்டாராம். "அக்கா கட்டட்டும்" என்றாராம் சின்னம்மா, என் அம்மாவைக் காட்டி. ஐயர் காதைப் பொத்திக்கொண்டாராம். ஒருவழியாக, நிச்சயதார்த்தமாக நடத்துவதென்று முடிவாயிற்று. முகூர்த்த நேரத்தில் ரெலிபோன் எடுப்போம், நான் தயாராக இருக்கவேண்டும் என்று சொன்னார்கள்.

தயாராக இருக்கச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு மதியத்துக்கு முன், லண்டனில் விடிந்த நேரம். பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, தலைப்பாகை வைத்து, ஹீட்டர் வேலை செய்யாத அறையில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரவு முழுக்கக் காவல் வேலை பார்த்துவிட்டுத் தவம் அண்ணை உள்ளே வந்தார்.

"என்னடா, மாறுவேடப் போட்டியே?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றினார். இன்னொரு நாற்காலியை இழுத்து எனக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். காவல்காரத் தொப்பியை மட்டும் கழற்றவில்லை.

"மாப்பிள்ளைத் தோழனுக்கும் தலைப்பா இருக்கவேணுமெல்லே" என்றார்.

ரெலிபோன் அடித்தது. நாதஸ்வர கசெற் கரகரத்தது. அம்மா கூறையைச் சுகந்தியின் கையில் கொடுப்பதாகவும், மோதிரம் போடுவதாகவும் சித்தப்பா கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பேரிரைச்சல். கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

"என்ன சத்தம், சித்தப்பா?"

"மழை! தகரத்தில மழை! இஞ்ச வருசக்கணக்கா மழையே இல்லையாம். வேலையாக்கள் எல்லாம் வெளியில ஓடி ஆடுறாங்கள். டேய் தம்பி, லண்டனில இருந்து வந்த பதினொரு பேரிட்டையும் ஒரு குடை இல்லையடா!"

அத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. தவம் அண்ணை எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

மழை வெள்ளத்தில் பாதை உடைந்து, எல்லாரும் முகாமிலேயே மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கலியாண அல்பம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நோர்பரிச் சின்னம்மா ஒட்டகத்தின் மேல் இருக்கிறார். சித்தப்பா அதன் முன்னாலும் நிற்காமல் பின்னாலும் நிற்காமல் எங்கே நிற்பதென்று தெரியாமல் முழிக்கிறார். அம்மாவும் சுகந்தியும் ஒரே சால்வையைப் போர்த்துக்கொண்டு நனைந்த மணலைப் பார்க்கிறார்கள். புரட்டிப் பார்க்கிற புதியவர்கள் கடைசிப் பக்கம்வரை போய்விட்டு, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்பார்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பினார். அப்பாவை எவ்வளவு நாளைக்குப் பக்கத்து வீட்டில் விடுவது? வந்த கடலாலேயே திரும்பிப் போனார். இன்னொரு தரம் எங்கேயாவது சந்திக்கலாம் என்று நான் கேட்டு எழுதாத நாடில்லை. எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைப்பதற்கு முன், சண்டையால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மழைக்காலத்தில், தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய வீட்டில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். செய்தி எனக்கு வந்து சேர மூன்று கிழமை எடுத்தது.

சுகந்தி அதற்கு முன்பே, ஒருவழியாக விசா கிடைத்து லண்டன் வந்துவிட்டாள். பதிவுக் கலியாணத்தன்று காலை, பதிவாளர் அலுவலகத்துக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தக் கதவால் உள்ளே போவது என்று நான் அவளுக்கு விபரமாகச் சொன்னேன். முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. நீங்களும் வாறியளோ?" என்றாள்.

அதுதான் எங்கள் வீட்டுப் பகிடி. நான் எங்கே போக வழி சொன்னாலும், சின்னம்மாவிலிருந்து என் மகள்வரை யாராவது ஒருவர் அதைக் கேட்டே தீருவார்கள். நானும் சிரிப்பேன்.

முகாமில் அம்மாவோடு ஒரே அறையில் இருந்தவள் சுகந்தி. என் அம்மாவின் கடைசி முகம் அவளிடம்தான் இருக்கிறது. நான் கேட்பேன். அம்மாவுக்கு நரை விழுந்திருந்ததா? பல்வலி இன்னும் இருந்ததா? இரவில் என்ன பேசினீர்கள்? அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். ஒன்றை மட்டும் பல வருடம் சொல்லவில்லை.

குகன் அண்ணை எங்களைப் பார்க்க முதல்முறை லண்டன் வந்தபோது ஹீத்ரோவில் கம்பிக்கு இப்பால் காத்து நின்றோம். மகளுக்கு அப்போது நாலைந்து வயது, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்து திறந்து சனம் வந்துகொண்டிருந்தது. சுகந்தி திடீரென்று சொன்னாள்:

"மாமியும் இப்பிடித்தான் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. நீங்கள் அனுப்பின ஆக்கள் எல்லாரும் வந்து முடிஞ்சினம். சின்னம்மா அழுது அழுது விசயத்தைச் சொன்னவ. மாமி கேட்டுக்கொண்டு நிண்டவ, ஆனா அசையேல்ல. அண்ணை வானை எடுத்துக்கொண்டு வந்து கூப்பிட்டவர். பம்பாயில இருந்து ஒரு பிளேன் வந்தது. அந்தச் சனமும் வந்து முடியுமட்டும் மாமி பாத்துக்கொண்டு நிண்டவ."

"ஏன்?" என்றேன்.

"நானும் கேட்டனான். 'எல்லாருக்கும் வழி சொன்ன பிள்ளையெல்லே, வேற வழியால வருவான்' எண்டு சொன்னவ."

அந்த நேரம் பார்த்துக் குகன் அண்ணை வெளியே வந்தார். மகள் ஓடினாள். சுகந்தி தள்ளுவண்டியைப் பிடித்தாள். மூன்று பேரும் பேசிக்கொண்டே கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடந்துவிட்டார்கள். நான் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தூரத்தில் போன குகன் அண்ணை திரும்பிப் பார்த்தார். அந்தப் பெரிய மண்டபம் முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டார்:

"என்ன மச்சான், நீரும் வாறீரோ?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சுகந்தி சிரிக்கவில்லை.

"வாறன்" என்றேன்.